ம => ம.முகவரி.ஊர்: லாம்ப்டா எப்படிக் கட்டத்தின் பெயராகிறது?

வலைப்பக்கத்தில் ஒரு ஃபார்மை நிரப்பி 'சேமி' பட்டனை அழுத்தினால், பிரவுசர் சர்வருக்கு அனுப்புவது வெறும் ஜோடிகள்தான். ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. அப்புறம் இன்னொரு பெயர், இன்னொரு மதிப்பு. ஒரு மளிகைக் கடையின் ஆர்டர் ஃபார்ம் என்று வைத்துக்கொள்வோம். போவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

வாடிக்கையாளர் = மீனாட்சி
முகவரி.ஊர் = தஞ்சாவூர்
பொருட்கள்[0].பெயர் = துவரம்பருப்பு
பொருட்கள்[0].அளவு = 2

இடப்பக்கத்துப் பெயரில் இருக்கும் புள்ளியும் சதுர அடைப்பும் எதற்கு என்று பிரவுசருக்குத் தெரியாது, கவலையும் இல்லை. அவற்றுக்குப் பொருள் கொடுப்பது சர்வரில் இருக்கும் ஃபிரேம்வொர்க், அதாவது நம் நிரலுக்கு அடித்தளமாக இருக்கும் ஆயத்த மென்பொருள். புள்ளி வந்தால் 'உள்ளே போ', அடைப்பு வந்தால் 'பட்டியலில் இத்தனையாவது' (எண்ணிக்கை 0இல் தொடங்கும்) என்று படித்து, ஆர்டர் என்ற ஆப்ஜெக்டை அது திரும்பக் கட்டி எழுப்புகிறது. இந்த வேலைக்கு மாடல் பைண்டிங் என்று பெயர்.

சரி, அந்தப் பெயர்களை ஃபார்மில் எழுதியது யார்? ஒரு காலத்தில் நாமேதான். 'முகவரி.ஊர்' என்று மேற்கோளுக்குள் கையால் தட்டச்சு செய்வோம். ஒரு எழுத்து பிசகினாலும் எந்த எச்சரிக்கையும் வராது. அந்தக் கட்டத்தின் மதிப்பு மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஆறு மாதம் கழித்து யாராவது கிளாஸில், அதாவது ஆப்ஜெக்டின் வார்ப்பில், 'ஊர்' என்பதை 'நகரம்' என்று மாற்றினால், மேற்கோளுக்குள் கிடக்கும் பழைய பெயரை எந்தக் கருவியும் தொடாது.

மைக்ரோசாஃப்டின் வலை ஃபிரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட் நெட் எம்விசி, 2010இல் வந்த இரண்டாம் பதிப்பில் இதற்கு ஒரு வழி கொடுத்தது. ஃபார்மில் ஒரு கட்டத்தை வரையும் டெக்ஸ்ட்பாக்ஸ்ஃபார் என்ற மெத்தடிடம் மேற்கோளுக்குப் பதிலாக ஒரு லாம்ப்டாவைக் கொடுக்கலாம்:

ம => ம.முகவரி.ஊர்

இங்கே ஒரு சின்ன விஷயம். எம்விசிக்கு நாம் எழுதும் சி ஷார்ப் மொழியில் வேரியபிளுக்கும் ப்ராப்பர்ட்டிக்கும் (ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் பெயருள்ள மதிப்பு) தமிழில் பெயர் வைக்கலாம், கம்பைலர் மறுக்காது. ஆகவே மேலே இருப்பது புரியவைப்பதற்காக நான் மொழிபெயர்த்த போலிக் குறியீடு அல்ல, நிஜமாகவே ஓடக்கூடியது. அலுவலகத்தில் யாரும் இப்படி எழுத மாட்டார்கள் என்பது வேறு கதை. அப்படி எழுதினால் எங்கே இடிக்கும் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது கேள்விக்கு வருவோம். லாம்ப்டா என்பது பெயரில்லாத ஒரு குட்டி ஃபங்ஷன். 'ம-வைக் கொடு, அதன் முகவரியின் ஊரைத் தருகிறேன்' என்கிறது. அதை ஓட்டினால் கிடைப்பது 'தஞ்சாவூர்'. ஆனால் ஃபார்முக்கு வேண்டியது 'முகவரி.ஊர்' என்ற பெயர். தஞ்சாவூரைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்தப் பாதையில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியானால் ஃபிரேம்வொர்க்குக்குப் பெயர் எப்படித் தெரிந்தது?

பெயருக்காக அது லாம்ப்டாவை ஓட்டவே இல்லை. வாசித்தது.

2007இல் வந்த சி ஷார்ப் 3.0, லாம்ப்டாவோடு எக்ஸ்பிரஷன் ட்ரீ என்ற ஒன்றையும் கொண்டுவந்தது. வழக்கமாகக் கம்பைலர் ஒரு ஃபங்ஷனைப் பார்த்ததும் அதை ஓடக்கூடிய கட்டளைகளாக மாற்றிவிடும். எழுதிய வடிவம் அதோடு போய்விடும். ஆனால் லாம்ப்டாவை வாங்கிக்கொள்ளும் மெத்தட் 'எனக்கு எக்ஸ்பிரஷன் வகை வேண்டும்' என்று தன் அறிவிப்பில் சொல்லியிருந்தால், கம்பைலர் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. லாம்ப்டாவின் அமைப்பை ஒரு மரமாக, சாதாரண ஆப்ஜெக்ட்களாக உருவாக்கிக் கையில் கொடுக்கிறது. நாம் எழுதும் லாம்ப்டாவில் ஓர் எழுத்துகூட மாறாது. வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்துச் சமைத்த சாதமாகவோ அளந்த அரிசியாகவோ போய்ச் சேரும். இந்த வசதியைச் செய்தது ஃபார்ம்களுக்காக அல்ல, லிங்க் என்ற தரவுக் கேள்வி வசதிக்காக. 'விலை நூறுக்கு மேல்' என்று சி ஷார்ப்பில் எழுதினால் அதை டேட்டாபேஸுக்குப் புரியும் எஸ்க்யூஎல் வாக்கியமாக மாற்ற வேண்டும். ஓட்டிப் பார்த்தால் அது நடக்காது, வாசித்தால்தான் நடக்கும். ஃபார்ம் பெயர் விஷயம் அதே வசதியின் மேல் பின்னால் ஏறிக்கொண்டது.

சரி, மரம் எப்படி இருக்கும்? 'அக்காவின் கணவரின் தம்பி' என்று சொன்னால் நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? தம்பியைப் பற்றி. கடைசிச் சொல்தான் ஆள்; முன்னால் இருப்பவை எல்லாம் அவர் யாருடைய தம்பி என்று சொல்லும் அடைமொழிகள். ம.முகவரி.ஊர் என்பதும் அதே வரிசைதான்: ம-வின் முகவரியின் ஊர். மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பது 'ஊர்'. 'யாருடைய ஊர்?' என்று கேட்டால் அடுத்த கணு 'முகவரி'. 'யாருடைய முகவரி?' என்றால் 'ம'. அதுதான் லாம்ப்டாவுக்கு உள்ளே வரும் பராமீட்டர். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஆகப் பெயரைக் கண்டுபிடிப்பவர் கடைசியிலிருந்து முன்னோக்கி நடக்க வேண்டியிருக்கிறது. நடக்கும்போது கிடைப்பதை ஒரு ஸ்டாக்கில், அதாவது தட்டின் மேல் தட்டு அடுக்குவதுபோல், அடுக்கிக்கொண்டே போகிறார். முதலில் '.ஊர்'. அதன் மேல் '.முகவரி'. 'ம' வந்ததும் நிறுத்தம். பிறகு மேலிருந்து எடுத்தால் வரிசை தானாகத் திரும்பிவிடும்: '.முகவரி.ஊர்'. முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் புள்ளியை வெட்டினால் 'முகவரி.ஊர்'. எம்விசியில் எக்ஸ்பிரஷன்ஹெல்ப்பர் என்ற கிளாஸ் செய்யும் வேலையின் சாரம் இவ்வளவுதான். ம-வுக்குப் பதில் க என்று எழுதினாலும் பெயர் மாறாது. பராமீட்டரின் பெயர் ஸ்டாக்கில் ஏறுவதே இல்லை.

நேம்ஆஃப் என்று 2015இல் சி ஷார்ப் 6இல் ஒன்று வந்ததே, அது போதாதா என்று தோன்றலாம். போதாது. அதனிடம் ம.முகவரி.ஊர் கொடுத்தால் 'ஊர்' என்ற கடைசித் துண்டை மட்டும் தரும். வீட்டு முகவரி, கடை முகவரி என்று இரண்டு இருந்தால் இரண்டு 'ஊர்' வந்து நிற்கும்.

பட்டியல் வந்தால்தான் விஷயம் சுவையாகிறது.

ம => ம.பொருட்கள்[எ].அளவு

'எ' என்பது ஃபார் லூப்பின் எண். கடைசியிலிருந்து நடந்தால் முதலில் '.அளவு'. அடுத்த கணு 'எ-ஆவது பொருள்' என்கிறது. இங்கே ஃபார்முக்கு வேண்டியது 'எ' என்ற எழுத்து அல்ல, அந்த நேரத்தில் அதற்குள் இருக்கும் எண். ஆனால் மரத்தில் எண் நேரடியாக இருக்காது. வெளியில் இருக்கும் வேரியபிளை லாம்ப்டாவுக்குள் பயன்படுத்தினால், கம்பைலர் ஒரு மறைமுகமான கிளாஸை உருவாக்கி, வேரியபிளை அதற்குள் வைத்துவிடுகிறது. மரத்தில் தெரிவது 'அந்த மறைமுக ஆப்ஜெக்டின் எ' என்ற கணுதான். எனவே அடைப்புக்குள் இருக்கும் துண்டை மட்டும் தனியாகக் கத்தரித்து, அதை ஒரு குட்டி லாம்ப்டாவாக்கி, ஓட்டிப் பார்த்து, வரும் எண்ணை '[2]' என்று ஸ்டாக்கில் ஏற்றுகிறார். பெயர் தேடும் வேலையில் ஓட்டிப் பார்ப்பது இந்த ஒரு இடத்தில்தான். முடிவில் 'பொருட்கள்[2].அளவு'. அடைப்புக்குள் ம-வையே கொண்டுவந்தால், ம.பொருட்கள்[ம.கடைசிஎண்] என்பதுபோல், எம்விசி பிழை சொல்லி நின்றுவிடும். பெயர் தேடும் நேரத்தில் அதன் கையில் ம கிடையாதே.

இந்தப் பட்டியல் விஷயத்தில் எனக்கு ஒரு பாடம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்குச் சரக்கு இருப்புப் பதிவேட்டுத் திரை எழுதினேன். திரையில் சரக்குக்கு ஒன்றாக நாற்பது வரி இருக்கும். ஃபார் லூப்பின் எண்ணோடு மல்லுக்கட்டுவானேன் என்று ஃபார்ஈச் லூப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் இப்படி எழுதினேன்:

ம => வரி.அளவு

திரை அழகாக வந்தது. நாற்பது அளவுகளும் அவற்றின் கட்டங்களில் சரியாக இருந்தன. கடைக்கணக்கர் பொறுமையாக எல்லாவற்றையும் திருத்திச் சேமித்தார், ஒன்றுகூடப் பதிவாகவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. அன்று மாலை முழுக்க டேட்டாபேஸ் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

பேஜ் சோர்ஸைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நாற்பது கட்டத்துக்கும் ஒரே பெயர்: 'வரி.அளவு'. லாம்ப்டாவை வாசிப்பவருக்கு 'வரி' என்பது பட்டியலில் எத்தனையாவது என்று தெரிய வழியே இல்லை. மரத்தில் இருப்பது 'அளவு', அது யாருடையது என்றால் 'வரி', அது யாருடையது என்றால் கம்பைலரின் மறைமுக ஆப்ஜெக்ட். அங்கே பாதை முடிந்துவிட்டது. பொருட்கள் என்ற சொல்லே அந்த லாம்ப்டாவில் இல்லாதபோது பெயரில் மட்டும் எப்படி வரும்? சர்வரோ 'பொருட்கள்[0]' என்று தொடங்கும் பெயரைத் தேடிவிட்டு, இல்லை என்றதும் பட்டியலைக் காலியாக விட்டது.

அப்படியானால் திரையில் அளவுகள் எப்படிச் சரியாக வந்தன? இங்கேதான் நான் மேலே சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். டெக்ஸ்ட்பாக்ஸ்ஃபார் அதே லாம்ப்டாவை இரண்டு தடவை பயன்படுத்துகிறது. பெயருக்காக வாசிக்கிறது, கட்டத்துக்குள் காட்ட வேண்டிய மதிப்புக்காக ஓட்டுகிறது. வரி.அளவு என்பதை ஓட்டினால் சரியான மதிப்பு வரும், வாசித்தால் தப்பான பெயர் வரும். கண்ணுக்குத் தெரிவது முதலாவது மட்டும். முகவரியே நல்-ஆக, அதாவது காலியாக இருந்தாலும் 'முகவரி.ஊர்' என்ற பெயர் சிக்கலில்லாமல் கிடைப்பதற்கும் இதுதான் காரணம்: வாசிக்க மதிப்பு தேவையில்லை. ஓட்டும் பக்கத்தில் நல் பிழை கிளம்பும். அதை எம்விசி பிடித்துக்கொண்டு கட்டத்தை வெறுமையாகக் காட்டிவிடுகிறது.

வாசிக்க முடிந்த வடிவங்களும் கொஞ்சம்தான். ஃபீல்டு, ப்ராப்பர்ட்டி, ஒற்றைப் பரிமாண அர்ரே, ஒரே பராமீட்டர் உள்ள இண்டெக்ஸர் (பட்டியல் போன்றவற்றில் அடைப்புக்குள் எண் கொடுத்து எடுக்கும் வசதி). அவ்வளவே. ம.பெயர்.ட்ரிம்() என்று மெத்தடை அழைத்தாலோ, ம.அளவு + 1 என்று கணக்குப் போட்டாலோ எம்விசி எக்ஸெப்ஷன் வீசும். நியாயம்தான். பயனர் 5 என்று நிரப்பி அனுப்பினால் 'அளவு + 1' என்ற பெயருள்ள மதிப்பை எந்த ப்ராப்பர்ட்டியில் கொண்டுபோய் வைப்பது?

நீங்களே இப்படி ஒரு ஹெல்ப்பர் எழுதிப் பார்த்தால் (எழுதிப் பாருங்கள், இருபது வரிதான்) ஒரு குழியில் நிச்சயம் விழுவீர்கள். லாம்ப்டா எதைத் திருப்பித் தரும் என்பதற்குப் பொதுவாக ஆப்ஜெக்ட் என்று வகை கொடுத்துவிட்டால், பெயர், ஊர் போன்ற ஸ்ட்ரிங் கட்டங்கள் ஒழுங்காக வேலை செய்யும். அளவு, தேதி, ஆம்/இல்லை போன்றவை மட்டும் உடையும். எண்ணை ஆப்ஜெக்டாகக் காட்ட வேண்டுமென்றால் அதைப் பெட்டிக்குள் போட வேண்டும். அதற்காகக் கம்பைலர் மரத்தின் உச்சியில் 'கன்வெர்ட்' என்ற கணு ஒன்றைச் சத்தமில்லாமல் வைக்கிறது. உச்சியில் ப்ராப்பர்ட்டி இருக்கும் என்று நம்பிப் போனவர் அங்கே கன்வெர்ட்டைச் சந்திக்கிறார். அதை உரித்துவிட்டு உள்ளே போகலாம். அல்லது எம்விசி செய்வதுபோல் திருப்பித் தரும் வகையையும் ஜெனரிக்காக, அதாவது அழைக்கும் இடத்தில் முடிவாகும்படி, வைத்துவிட்டால் அந்தக் கணுவே முளைக்காது.

எம்விசியின் இந்த வாசிப்புக்குள் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. வியூ பக்கத்தில், அதாவது ஃபார்மை எழுதும் கோப்பில், ஆர்டர் ஆப்ஜெக்டைத் தரும் மாடல் என்ற ப்ராப்பர்ட்டி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், பலர் ம-வை விட்டுவிட்டு ம => மாடல்.முகவரி.ஊர் என்று எழுதிவிடுவார்கள் (நிஜத்தில் மாடல் என்பது ஆங்கில எழுத்தில் இருக்கும்). அப்படியே வாசித்தால் 'மாடல்.முகவரி.ஊர்' என்ற உதவாத பெயர் வரும். எனவே ஸ்டாக்கின் உச்சியில் 'மாடல்' இருந்தால் அதைத் தூக்கிப் போடுகிறார்கள். சரி, கார் விற்கும் தளத்தில் வண்டியின் கிளாஸுக்கே மாடல் என்று ப்ராப்பர்ட்டி இருந்தால்? ம => ம.மாடல் என்று ஒழுங்காக எழுதியவரின் கட்டம் பெயரே இல்லாமல் நிற்குமே. இதைத் தடுக்க, நடை பராமீட்டரில் போய் முடிந்தால் ஸ்டாக்கின் மேல் ஒரு வெற்று எழுத்துச்சரத்தை வைத்துவிடுகிறார்கள். உச்சியில் இருப்பது வெற்றுச்சரம், மாடல் அல்ல. ஆகவே வெட்டு விழாது. இதற்காகத்தான் சேர்த்தது என்று மூலக்குறியீட்டின் குறிப்பே பிழை எண்ணோடு சொல்கிறது.

லாம்ப்டா தரும் பெயரே எப்போதும் முழுப்பெயர் ஆகிவிடாது. எடிட்டர்ஃபார் மூலம் முகவரிக்கென்று தனி டெம்ப்ளேட் வைத்தால், அதற்குள் லாம்ப்டா ம => ம.ஊர் மட்டும்தான்; 'முகவரி' என்ற முன்னொட்டை ஃபிரேம்வொர்க் தனியாக நினைவில் வைத்துச் சேர்த்துக்கொள்கிறது. அதே துண்டைப் பார்ஷியல் வியூவாக (பக்கத்துக்குள் செருகும் தனிக் கோப்பாக) எம்விசியில் கொடுத்தால் முன்னொட்டு போகாது, வெறும் 'ஊர்' என்று வரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

எண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. மாடல் பைண்டிங் செய்யும் பைண்டர் 0, 1, 2 என்று வரிசையாகத் தேடிப் போகும். இடையில் ஒன்று இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். பயனர் மூன்றாவது வரியை ஜாவாஸ்கிரிப்ட் வழியே நீக்கினால் [2] போய்விடும்; [3]இலிருந்து எல்லாம் வீண். இதற்கென்றே, வரி ஒன்றுக்கு ஒரு மறைவான இண்டெக்ஸ் கட்டம் வைக்கும் வழி இருக்கிறது.

பெயரிலிருந்து ஐடியும், அதாவது பக்கத்துக்குள் கட்டத்தை அடையாளம் காட்டும் சொல்லும், பிறக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் புள்ளி என்றால் கிளாஸ் என்று பொருள் என்பதால் புள்ளியும் அடைப்பும் அடிக்கோடாக மாறும். தமிழ்ப் பெயர்கள் இடிக்கும் இடம் இதுதான். ஐடி ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது எச்டிஎம்எல் 4 காலத்து விதி. இன்றைய எச்டிஎம்எல்லில் அது கிடையாது. ஆனால் ஃபிரேம்வொர்க் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய எம்விசி தமிழில் தொடங்கும் பெயருக்கு ஐடியே தராது. அதற்குப் பின் வந்த ஏஎஸ்பி டாட் நெட் கோர், முதல் எழுத்தை ஆங்கில இசட்டாக மாற்றி, மீதித் தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றையும் அடிக்கோடாக்கும். 'அளவு' யூனிக்கோடில் நான்கு குறிகள், 'விலை'யும் நான்கு. இரண்டுக்கும் ஐடி ஒன்றே: ஓர் இசட், மூன்று அடிக்கோடு. விலை என்ற லேபிளைச் சொடுக்கினால் கர்சர் அளவுக் கட்டத்துக்குப் போய் நிற்கும். பெயரில் மட்டும் தமிழ் அப்படியே இருக்கும், பைண்டிங்கும் சரியாக நடக்கும்.

2016இல் வந்த கோர் பதிப்பில் லாம்ப்டா பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. டேக் ஹெல்ப்பர் என்ற வசதியில், எச்டிஎம்எல் டேக்குக்குள்ளேயே முகவரி.ஊர் என்று சாதாரண ஆட்ரிபியூட்போல எழுதுகிறோம். வியூ பக்கங்களைச் சி ஷார்ப்பாக மாற்றும் ரேசர் கம்பைலர் அதைப் பின்னால் லாம்ப்டாவாக மாற்றி, அதே வாசிப்பைச் செய்கிறது. ஃபார்ஈச் குழியும் அங்கே அப்படியே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் இன்னொரு வலை ஃபிரேம்வொர்க்கான பிளேஸரின் பாணி சற்று வேறு: அதன் லாம்ப்டாவுக்குப் பராமீட்டரே இல்லை. () => ஆர்டர்.ஊர் என்பதுபோல் இருக்கும். எந்த ஆப்ஜெக்டின் எந்த ஃபீல்டு என்ற ஜோடியைத்தான் அது பிரித்தெடுக்கும். ஃபார்மை அனுப்பாமலே கட்டமும் ஆப்ஜெக்டும் நேரடியாக இணைந்திருக்கும்போது அது போதும், பெயர் தேவைப்படவில்லை. 2023இல் டாட் நெட் 8, பிளேஸர் ஃபார்ம்களைப் பழையபடி போஸ்ட் செய்ய அனுமதித்ததும் பெயர் மறுபடி தேவைப்பட்டது; 'ஆர்டர்.ஊர்' என்று வேர் வேரியபிளையும் சேர்த்தே பெயராக்கினார்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் எக்ஸ்பிரஷன் ட்ரீ கிடையாது. ஃபங்ஷனை எழுத்தாக மாற்றி அந்த எழுத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் குறியீட்டைச் சுருக்கும் மினிஃபையர் அதன் உருவத்தை மாற்றிவிட்டால் கதை கந்தல். நம்பகமான வழி ப்ராக்ஸி. நிஜ ஆர்டருக்குப் பதிலாக ஒரு பொம்மை ஆப்ஜெக்டை உள்ளே அனுப்பி ஃபங்ஷனை ஓட்டிவிடுவார்கள். அதனிடம் 'முகவரி' கேட்டால், முகவரி என்று குறித்துக்கொண்டு இன்னொரு பொம்மையைத் தரும். அதனிடம் 'ஊர்' கேட்டால் அதையும் குறித்துக்கொள்ளும். கடைசியில் குறிப்பேட்டில் முகவரி, ஊர் என்று வரிசையாக இருக்கும், இந்தத் தடவை முன்னிருந்து பின்னாக. இங்கே ஓட்டுவதே வாசிப்பாகிறது. ஒன்று மட்டும்: ஃபங்ஷனுக்குள் 'முகவரி இருந்தால் இது, இல்லையென்றால் அது' என்று எழுதிவிட்டால், பொம்மை எப்போதும் 'இருக்கிறது' என்றே பதில் சொல்லும்.